இரத்தக் கொதிப்பு: சொல்லும் அளவும்

ஒரு சொல்லைக் குறைகூற வருவோர் பெரும்பாலும் இலக்கணத்தைத் துணைக்கொண்டே வருவர். வேர்ச்சொல் தமிழா, வடமொழியா, புணர்ச்சி முறையா என்று கேட்பர். அவை வேண்டிய கேள்விகளே. ஆயினும், மக்களின் உடல்நலத்தைப் பற்றிய சொல்லாயின், அவற்றுக்கும் முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அச்சொல்லைக் கேட்டவர் அடுத்து என்ன செய்வார் என்பதே அது.

பேராக் மாநிலத்தில், பாகான் செராய் முதல் தஞ்சோங் மாலிம் வரை, ஈப்போ நகரிலும் பழைய இரப்பர்த் தோட்டங்களிலும் தமிழர் நாவில் வழங்கி வருவது "இரத்தக் கொதிப்பு" என்னும் சொல். அதனை இக்கேள்வியின் முன் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சொல் நோயைத் தவறாகக் காட்டுகிறது. அதனால் விளையும் கேடு முதியவரினும் இளையவரையே மிகுதியாகச் சாரும். வேறொரு சொல்லை அதன் இடத்தில் வைத்தால் மட்டும் போதாது, அளக்கும் முறையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இம்மூன்றும் இங்கே நிறுவ முயலும் கருத்துகள்.

கொதிப்பு எங்கே தெரியும்?

தமிழில் கொதித்தல் என்பது முதலில் வெப்பத்தின் தொழில். உலை கொதிக்கிறது, குழம்பு கொதிக்கிறது. அடுத்து அது காய்ச்சலுக்கு ஆகி வந்தது. பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கும் தாய், "உடம்பு கொதிக்குது" என்கிறாள். பின்னர் அது சினத்தையும் குறித்தது. மனம் கொதித்தது, ஊர் கொதித்தெழுந்தது என்கிறோம். இம்மூன்று வழக்குகளுக்கும் பொதுவாக ஓர் இயல்பு உண்டு. கொதிப்பு என்பது புலனுக்குத் தெரிவது. உலையில் கண்ணுக்கும், காய்ச்சலில் கைக்கும், சினத்தில் முகத்திலும் குரலிலும் அது தெரிந்துவிடும்.

நாம் பேச வந்த நோயோ பெரும்பாலும் தெரியாதது. இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது, அந்த இரத்தம் தமனிகளின் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. அவ்வழுத்தம் அளவுக்கு மேல் ஏறி அங்கேயே நிலைத்துவிடுவதுதான் நோய். இரத்தத்தின் சூடு ஒரு சிறிதும் கூடுவதில்லை. பலருக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு குறியும் காட்டாமலே அது இதயத்தையும் மூளையின் குழாய்களையும் சிறுநீரகத்தையும் கண்ணின் நுண்குழாய்களையும் கெடுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, தெரியாத ஒன்றுக்குத் தெரியும் ஒன்றின் பெயரை வைத்திருக்கிறோம். இதிலிருந்து மூன்று பிழையான முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, ஆகவே எனக்குக் கொதிப்பு இல்லை" என்பது. இரண்டாவது, "கொதிப்புக்குக் குளிர்ச்சி மருந்து" என்பது. இளநீரும் மோரும் நல்லவையே. ஆனால் சூட்டைத் தணிக்கும் பொருள் அழுத்தத்தைத் தணிக்கும் என்று கருதி மாத்திரையை நிறுத்துவது நல்லதன்று. மூன்றாவது, "சினங்கொள்பவருக்கே இந்நோய் வரும், சாந்தமானவருக்கு வராது" என்பது. மிகவும் சாந்தமான மனிதர் பலர் பக்கவாதத்தால் வீழ்ந்தபின் ஊரார் வியப்பதற்கு இச்சொல்லும் ஒரு காரணம்.

இவற்றினும் பெரிய கேடு ஒன்று உண்டு. தமிழில் இளைஞனின் இரத்தம் கொதிப்பது நோயாகக் கருதப்படுவதில்லை. அது ஒரு பாராட்டு. "இளரத்தம், கொதிக்கத்தான் செய்யும்" என்று முதியோர் புன்னகையோடு சொல்வர். மேடைப் பேச்சாளர் இளைஞரின் இரத்தம் கொதிக்கட்டும் என்று முழங்குவர். இந்த வழக்கு இருக்கும்வரை, பதினைந்து வயதுப் பையனுக்கு இரத்தக் கொதிப்பு என்று ஒருவர் சொன்னால், அது நோயின் பெயராகவே காதில் விழாது. பாட்டிக்கு வரும் நோயும் பேரனுக்கு இருக்கும் வீரமும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. இளையோரிடம் இந்நோய் இருக்கக்கூடும் என்னும் எண்ணத்துக்கே அச்சொல் இடந்தரவில்லை.

இதே நாட்டில் நம்மவர் நீரிழிவு நோய்க்கு வைத்த பெயரை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். "இனிப்பு நீர்" என்று சொல்கிறோம். அது எளிய மக்களின் சொல். ஆயினும் செப்பமான சொல். நீரில் இனிப்பு உண்டா என்று சோதித்துப் பார்க்கத் தூண்டுகிறது. ஒரு சொல் எளிமையாக இருந்துகொண்டே உண்மையும் சொல்லலாம் என்பதற்கு அதுவே சான்று. எனவே, இரத்தக் கொதிப்பைக் குறைகூறுவது மக்கள் வழக்கைக் குறைகூறுவதாகாது.

தோட்டத்துக் காலமும் காய்ச்சலும்

இச்சொல் நம் முன்னோரிடம் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. அதனை அறியாமல் அவர்களை அறியாமையுடையோர் என்று இகழ்வது முறையன்று. 1877-இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கு வந்த தமிழரைக் கொன்று குவித்தது மலேரியாக் காய்ச்சல். அன்று நோய் என்றால் உடம்பு கொதிப்பது, நடுங்குவது, வேலைக்கு எழ முடியாமற்போவது. லயத்திலிருந்து தோட்ட மருந்தகத்துக்குப் போனால், டிரெசர் தொட்டுப் பார்ப்பார், வெப்பமானி வைப்பார், கொய்னா கொடுப்பார். உணரப்படும் நோய்களின் காலம் அது. அக்காலத்துக்கு உணர்ச்சியைக் குறிக்கும் சொற்களே பொருத்தமாக இருந்தன.

பின்னர் நிலை மாறியது. 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததும் அதனை எதிர்கொள்ளவே. அதன்பின் செம்பனையும் வந்தது. மக்கள் தோட்டங்களை விட்டு ஈப்போவின் புறநகர்களுக்கும் சிறு பட்டணங்களுக்கும் பெயர்ந்தனர். மலேரியா பின்வாங்கியது; உணரப்படாத நோய்கள் முன்வந்தன. வாழ்க்கை மாறியும் சொல் மாறவில்லை.

அதன் விளைவை எண்ணால் காட்டலாம். மலேசியச் சுகாதார அமைச்சு 2015-இல் நடத்திய தேசிய உடல்நல ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவருள் 30.3 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. அவ்வயதினர் அனைவருள்ளும் தமக்கு நோய் உண்டென முன்பே அறிந்திருந்தோர் 13.1 விழுக்காட்டினர், அறியாதிருந்தோர் 17.2 விழுக்காட்டினர். அறிந்தவரினும் அறியாதவரே மிகுதி. இக்கணக்கு எல்லா இனத்தாரையும் உள்ளடக்கியது. ஆகவே பழி முழுவதையும் ஒரு தமிழ்ச்சொல்லின்மேல் சுமத்த முடியாது. மலாய்க்காரரும் "உயர்ந்த இரத்தம்" என்று பொருள்படும் டாரா திங்கி என்னும் பெயரையே வழங்குகின்றனர். அதிலும் அழுத்தம் என்பது இல்லை. ஆயினும் தமக்குள்ள நோயைத் தாமே அறியாத மக்களிடையே, "தெரிந்தால்தான் நோய்" என்று சொல்லும் ஒரு சொல்லை வளர்க்கலாமா என்பதே நம் கேள்வி.

எண் பிறந்த வரலாறு

இந்நோயைக் கண்டது கருவிதான். மருத்துவனின் கை கண்டதன்று. நம் சித்த மருத்துவர் மணிக்கட்டில் நாடி பார்த்து, வாதம், பித்தம், கபம் என்று பகுத்தறிந்தனர். அது நுண்ணிய கலை. ஆனால் விரல் நுனி துடிப்பின் நடையைச் சொல்லுமேயன்றி, அழுத்தம் இத்தனை என்று எண்ணால் சொல்லாது. ஐரோப்பியரும் நெடுங்காலம் இந்நிலையிலேயே இருந்தனர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் குழாய் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் எழுந்ததைக் கண்டு 1733-இல் நூலாக வெளியிட்டார். 1896-இல் இத்தாலியர் ரிவா-ரோச்சி கையில் பட்டை சுற்றிக் காற்றடைத்துப் பாதரசத்தால் அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் இரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டையைத் தளர்த்தும்போது முழங்கையின் உட்புறத்தில் கேட்கும் ஒலியைக் கொண்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் அறியலாம் என்று காட்டினார்.

இடையில் நிகழ்ந்த ஒரு திருத்தம் ஈண்டுக் குறிக்கத்தக்கது. ரிவா-ரோச்சியின் பட்டை மிகக் குறுகலானது. சுமார் 5 செண்டிமீட்டரே அகலம். அது உண்மைக்கு மேலான எண்ணையே காட்டும் என்பதை 1901-இல் ஜெர்மானியர் ரெக்லிங்ஹவுசன் விளக்கி, அகலமான பட்டையை அமைத்தார். கருவி பிறந்து ஐந்தாண்டுக்குள்ளேயே, பட்டையின் அளவு பிழைத்தால் எண் பிழைக்கும் என்பது தெரிந்துவிட்டது. அவ்வுண்மையை உலகம் இன்னும் முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, தமிழிலேயே மருத்துவ நூல்கள் வெளிவரச் செய்தார். அவர் மறைந்தது 1884-இல். பட்டைக் கருவி பிறக்கும் முன்னர். மருத்துவத் தமிழுக்கு ஒரு நல்ல தொடக்கம் இருந்தும், இரத்த அழுத்தம் என்னும் கருத்து அத்தொடக்கத்துக்குப் பின்னரே வந்தது. எனவே அதன் பெயர் வகுப்பறையில் ஆராய்ந்து பிறக்கவில்லை, வாய்வழியாகவே பரவியது. அதுவே குழப்பத்தின் மூலம்.

மூன்று சொற்களின் தகுதி

இன்று நம்முன் மூன்று மாற்றுச் சொற்கள் உள்ளன. முதலாவது "பிரஷர்". எல்லாருக்கும் தெரியும், மருத்துவமனையில் உடனே பயன்படும். ஆனால் "அவருக்குப் பிரஷர் இருக்கிறது" என்று சொல்கிறோம். அழுத்தம் எல்லாருக்கும் இருக்கிறது. இல்லாதவர் உயிரோடு இல்லை. அளவு என்பதை மறைத்து நோய் என்பதை மட்டும் காட்டுவதால், இச்சொல்லும் குறையுடையதே.

இரண்டாவது, தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் எழுத்தில் வழங்கும் "இரத்த அழுத்தம்". பொருள் சரியானது. இதிலும் ஓர் இடர் உண்டு. "மன அழுத்தம்" என்னும் தொடர் இந்நாளில் பெருவழக்காகிவிட்டது. அதனால் மாணாக்கர் இரண்டையும் ஒன்றாகக் கருதி, தேர்வுக் கவலைதான் இரத்த அழுத்தம் என்று எழுதிவிடக்கூடும். கவலை அளவைச் சிறிது நேரம் ஏற்றலாம் என்பது உண்மை. ஆனால் கவலையும் அழுத்தமும் ஒன்றல்ல.

மூன்றாவது, இலங்கைத் தமிழர் பாடநூல்களில் வழங்கும் "குருதி அமுக்கம்". வளிமண்டலத்தின் அமுக்கமும் குருதியின் அமுக்கமும் ஒரே பௌதிகச் சொல்லால் குறிக்கப்படுவதால், மனக்கவலையோடு மயங்க இடமில்லை. சொல்லின் தூய்மையில் இதற்கே முதலிடம் தரலாம். ஆயினும் பேராக்கில் இதனைக் கேட்டறிந்தவர் மிகச் சிலர். வழக்கில் இல்லாத சொல்லை நோயாளியிடம் சொல்வது, மருந்துப் புட்டியில் படிக்கமுடியாத சீட்டை ஒட்டுவது போலாகும்.

ஆதலின் நம் நாட்டுக்கு "இரத்த அழுத்தம்" என்பதே ஏற்றது. நோயாகச் சொல்லும்போது "உயர்" என்னும் அடையைச் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணை வாசிக்கும் முறையையும் கற்பிக்க வேண்டும். 120/80 என்பது கணக்குப் பாடத்துப் பின்னம் அன்று. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் நொடியின் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்திருக்கும் நேரத்து அழுத்தம் கீழ் எண். இரண்டும் பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயரும் என்னும் அளவால் சொல்லப்படுவன.

பதின்மூன்று வயது

குமரப் பருவத்தினரைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். 1970-களில் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துப் பொகலூசா என்னும் ஊரில், பள்ளிப் பிள்ளைகளின் இதயநலத்தைத் தொடர்ந்து ஆராயத் தொடங்கினர். முதுமை நோய் என்று எண்ணப்பட்டதன் வேர் இளமையிலேயே இருப்பதை அவ்வாய்வு காட்டியது. சுவீடனில் 1969 முதல் 1995 வரை இராணுவச் சேவைக்காகச் சோதிக்கப்பட்ட சுமார் 12 லட்சம் இளைஞரின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் முடிவு வெளியிட்டனர். பதினெட்டு வயதளவில் அழுத்தம் உயர்ந்திருந்தோரிடம், பின்னாளில் இறப்பு மிகுதியாகக் காணப்பட்டது. 2022-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, அமெரிக்கா, பின்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இளமையில் அளக்கப்பட்ட 38,589 பேரைச் சராசரி 35 ஆண்டு கழித்துக் கண்டது. இளமைக்கால அழுத்தம், உடற்பருமன், கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவை நடுவயது இதயநோயோடு தொடர்புடையவை என்று அது தெரிவித்தது.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். ஒரு தனிப் பிள்ளையின் தலைவிதியை எழுதும் ஆய்வுகள் அல்ல. ஒருமுறை உயர்ந்த எண் காட்டிய பிள்ளைகளுள் பலருக்கு மறுமுறை அளந்தால் எண் தாழ்ந்திருக்கும். ஆயினும் இளமையின் எண் பொருளற்றது என்று இனிச் சொல்ல முடியாது.

இம்முயற்சி நம் மாநிலத்துக்கும் வந்ததுண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2012-இல் தொடங்கிய மைஹார்ட் ஆய்வு, கோலாலம்பூர், சிலாங்கூர், பேராக் ஆகிய இடங்களின் இடைநிலைப் பள்ளிகளிலிருந்து 13 வயது மாணவர் 1,361 பேரைச் சேர்த்து, 2014-இலும் 2016-இலும் மீண்டும் கண்டது. பின்னாள் நோய்களின் காரணங்களை முன்னாளிலேயே தேடும் அவ்வாய்வில் இரத்த அழுத்தமும் அளக்கப்பட்டது.

பதின்மூன்று என்னும் வயதைத் தமிழாசிரியர் கூர்ந்து நோக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கற்ற பிள்ளை இடைநிலைப் பள்ளியில் கால்வைக்கும் வயது அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையிலும் அவ்வயதே எல்லைக்கோடு. அதற்குக் கீழுள்ள பிள்ளைக்கு வயது, பால், உயரம் மூன்றையும் பட்டியலில் பார்த்தே உயர்வா, இயல்பா என்று சொல்ல இயலும். பதின்மூன்று முதல், பெரியவரைப் போலவே நிலையான எண்கள்: 120/80-க்குக் கீழ் இயல்பு, மேல் எண் 120 முதல் 129 வரை ஏறி, கீழ் எண் 80-க்குள் இருந்தால் சற்றே உயர்வு, 130/80 முதல் நோய்நிலை. ஐரோப்பியர் 2016-இல் வகுத்த நெறிமுறை, 16 வயது முதல் 140/90 என்னும் வேறு எல்லையைக் கொள்கிறது. உரையாசிரியர் வேறுபடுவதுபோல் மருத்துவரும் வேறுபடுகின்றனர். எல்லை எதுவாயினும், அளவு பிழைத்தால் தீர்ப்பும் பிழைக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஓர் ஏட்டை நம்பலாமா?

1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஒரே ஏட்டை நம்பி அச்சிடவில்லை. பல ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, எழுதினோர் பிழையை விலக்கினார். இரத்த அழுத்தத்தின் எண்ணும் அவ்வாறு தேர்ந்து கொள்ள வேண்டியதே. முதலில் அளந்த எண் உயர்ந்திருந்தால், அப்போதே இன்னும் இருமுறை அளந்து சராசரி காண வேண்டும். அதன்பின்னும், வெவ்வேறு நாள்களில் மூன்று முறை உயர்ந்திருந்தாலன்றி நோய் என்று சொல்லலாகாது. மருத்துவரைக் கண்ட அச்சத்தாலேயே சிலருக்கு எண் ஏறுவதுண்டு. ஐயமிருந்தால், நாள் முழுவதும் கையிலேயே இருந்து இடையிடையே அளக்கும் கருவியை மருத்துவர் பொருத்துவர்.

பிழை புகும் வழிகள் பல. பட்டையே முதல் வழி. உள்ளே காற்றடைக்கும் பையின் நீளம் மேற்கையின் சுற்றளவில் 80 விழுக்காடேனும், அகலம் 40 விழுக்காடேனும் இருக்க வேண்டும். குமரப் பருவத்தில் ஒரே வகுப்பில் மெலிந்த கையும் பருத்த கையும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். ஆகவே வயதைப் பார்த்துப் பட்டை தேர்ந்தெடுப்பது தவறு. கையை அளந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 2023-இல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுவோருக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரி 19.5 மில்லிமீட்டர் கூடியது. சிறிய பட்டை தேவைப்படுவோருக்கு அதே பட்டை 3.6 மில்லிமீட்டர் குறைத்துக் காட்டியது. பருத்த பிள்ளைக்கு இல்லாத நோயைச் சூட்டவும், மெலிந்த பிள்ளையின் நோயை மறைக்கவும் ஒரே பட்டை போதும்.

அடுத்தது கையின் நிலை. கை இதயத்தின் மட்டத்தில் மேசைமீது தாங்கப்பட்டிருக்க வேண்டும். 2024-இல் வெளியான ஆய்வொன்றின்படி, கையை மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4 மில்லிமீட்டரும், பக்கத்தில் தொங்கவிட்டால் சுமார் 6.5 மில்லிமீட்டரும் கூடுகின்றன. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், மூன்று முதல் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின்னரே அளக்க வேண்டும். அளக்கும்போது பேசலாகாது. சிறுநீர் கழித்துவிட்டு அமர வேண்டும். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பி கூடாது. பிள்ளைகளுக்கு வலக்கையிலேயே அளப்பது முறை. பிறவியிலேயே பெருந்தமனி குறுகியிருக்கும் சிலருக்கு இடக்கை குறைந்த எண்ணைக் காட்டக்கூடும். ஓடிவந்த பையனை வரிசையில் நிறுத்தி, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, "என்ன படிக்கிறாய்?" என்று பேசிக்கொண்டே எடுத்த எண்ணை அளவு என்று சொல்வது பொருந்தாது.

எழுதுவோரின் பிழையும் உண்டு. காதால் கேட்டு அளப்பவர் 124 என்பதை 120 என்றும், 128 என்பதை 130 என்றும் பூச்சியத்தில் முடித்து எழுதிவிடும் பழக்கம் உலகெங்கும் காணப்படுவது. எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு எண்ணே தீர்ப்பை மாற்றும். தானியங்கிக் கருவி இப்பழக்கத்தை நீக்குகிறது. ஆயினும் அக்கருவி இளையோரிடம் சோதித்து ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும்; அது உயர்ந்த எண் காட்டினால், காதால் கேட்டு அளந்து உறுதி செய்ய வேண்டும்.

இவையெல்லாம் நுணுக்கம் என்று தோட்டத்து மரபில் வந்தவர் ஒதுக்கமாட்டார். பால் நிறுக்கும் இடத்தில் தராசு பிழைத்தால் கூலி குறையும் என்பதை அறிந்தவர்கள் நம் முன்னோர். வாளியில் இருந்த பால் எத்தனை, அதில் இரப்பர் எத்தனை என்று அளந்தபின்னரே அவர்கள் உழைப்புக்கு விலை வந்தது. அளவுக்காக வாதாடிய மக்களின் பேரப்பிள்ளைகள், தம் உடலின் அளவுக்காகவும் "கையைத் தாங்கி வையுங்கள், மறுபடியும் அளந்து பாருங்கள்" என்று கேட்கலாம்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில், மருத்துவம் கற்றவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதியே செய்ய வேண்டும் என்கிறார். பரிமேலழகர் நோயாளியின் அளவு என்பதற்குள் பருவத்தையும் சேர்த்து உரைக்கிறார். பட்டைக் கருவியை அவர்கள் கண்டதில்லை. அதனை வள்ளுவர் முன்னரே அறிந்திருந்தார் என்று சொல்லிப் பெருமை தேடுவதும் வேண்டியதில்லை. அளவு ஆளுக்கு ஆள், பருவத்துக்குப் பருவம் வேறுபடும் என்னும் சிந்தனை தமிழுக்குப் புதிதன்று என்ற அளவில் கொள்வதே போதும்.

மறுப்புகள்

இக்கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, நோய்க்குறி இல்லாத பிள்ளைகள் எல்லாரையும் அளப்பதால் பின்னாளில் நன்மை விளையுமென்று உறுதியாயிற்றா என்பது. இது நேர்மையான கேள்வி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் மூன்று வயது முதல் ஆண்டுதோறும் அளக்கச் சொல்கிறது. அந்நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020-இல், ஆதரிக்கவோ மறுக்கவோ சான்று போதாது என்று அறிவித்தது. எனவே பள்ளிதோறும் கருவியோடு புறப்படுங்கள் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. பருமனான பிள்ளை, சிறுநீரக நோயுள்ள பிள்ளை, பெற்றோருக்கு இந்நோயுள்ள பிள்ளை ஆகியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்கலாகாது. எங்கே அளந்தாலும் முறையாக அளக்க வேண்டும். பிழையான எண் இருபுறமும் வெட்டும்: நலமுள்ள பிள்ளையை நோயாளி என்று அஞ்சவைக்கும், நோயுள்ள பிள்ளையை நலம் என்று வீட்டுக்கு அனுப்பிவிடும்.

இரண்டாவது மறுப்பு, இது மருத்துவர் பணி, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்பது. மருந்து சொல்வது மருத்துவர் பணியே. ஆனால் பிள்ளை தன் உடலைப் பற்றி நினைக்கும் சொல்லைக் கொடுப்பது யார்? வாசிப்புப் பகுதியும் கட்டுரைப் பயிற்சியும் கருத்துணர்தலும் கொடுக்கின்றன. உடல்நலம் பற்றிய கட்டுரையில் ஒரு மாணவி, "இரத்தக் கொதிப்பு வந்தால் தலை சுற்றும், கோபம் வரும்" என்று எழுதினால், சந்திப்பிழை மட்டும் திருத்திச் சிவப்பு மை இட்டு விடுவது பாதித் திருத்தமே. "உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் ஒரு குறியும் காட்டாது, முறையாக அளந்தால்தான் தெரியும்" என்று கருத்தையும் திருத்தித் தர வேண்டும். அந்த வாக்கியம் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போகும். வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டு மோர் குடித்துக்கொண்டிருக்கும் தாத்தாவும் அதனைக் கேட்பார்.

நம் நாளேடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவக் குறிப்பு எழுதுவோர் "இரத்தக் கொதிப்பைத் தணிக்க" என்று தலைப்பிடுவதை விடுத்து, "இரத்த அழுத்தத்தை அளக்க" என்று தொடங்கட்டும். எண் எழுதும் இடத்தில், எந்தப் பட்டை, எந்தக் கை, எத்தனை முறை என்பதையும் எழுதட்டும். பழைய சொல்லை முதியோர் வாயிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. அவர்களோடு பேசும்போது இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லலாம். பதின்மூன்று வயதில் தமிழ்ப்பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளைக்கு மட்டும், நாம் கொடுத்தனுப்பும் சொற்களுள் இச்சொல்லாவது பொருள் பிழையாமல் இருக்கட்டும்.